ஓட்டுரிமையும் தேர்தல் சட்டமும்: எதை, எங்கே, எந்த வரிசையில் தேடுவது? முழுமையான வழிகாட்டி

1951 நவம்பரில் நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலர் தள்ளுபடி செய்தார். அவர் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார், அங்கே தோற்றதும் உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: மனுவைத் தள்ளியது சரியா தவறா என்று இப்போது பார்க்க முடியாது, முதலில் தேர்தல் முடியட்டும், அதற்குப் பிறகு தேர்தல் மனுவாகக் கொண்டு வாருங்கள். காரணம் அரசியலமைப்பின் உறுப்பு 329(பி). நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே வந்த இந்தத் தீர்ப்பைத்தான் இன்றைக்கும் தேர்தல் வழக்குகளில் எடுத்து வாசிக்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மற்ற சட்டத் துறைகளில் "என் பக்கம் நியாயம் இருக்கிறதா" என்று தேட ஆரம்பிக்கலாம். தேர்தல் சட்டத்தில் "இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம்" என்பதுதான் முதல் கேள்வி. எந்தச் சட்டத்தைத் திறப்பது, எந்த அதிகாரியிடம் போவது, எத்தனை நாள் அவகாசம், எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. சட்ட மாணவர், செய்தியாளர், பூத் முகவர், பட்டியலில் பெயர் காணாமல் போனவர் என யாராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்.

படி 1: கேள்வியைக் கட்டம் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது கீழே உள்ளவற்றில் எதில் விழுகிறது என்று பாருங்கள்.

வாக்காளர் பட்டியல் தொடர்பானது என்றால், அதாவது பெயர் சேர்ப்பு, நீக்கம், முகவரி மாற்றம், "சாதாரணமாகக் குடியிருப்பவர்" யார் என்பது போன்றவை, 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளும்.

தேர்தல் அறிவிப்பிலிருந்து முடிவு அறிவிப்பு வரை நடப்பது என்றால், வேட்புமனு, சின்னம், பிரச்சாரம், வாக்குப்பதிவு, எண்ணிக்கை எல்லாம், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள், கூடவே தேர்தல் ஆணையத்தின் உத்தரவுகள். இந்தக் கட்டத்தில்தான் பொன்னுசாமி வழக்கு சுவராக நிற்கிறது.

முடிவு வந்த பிறகு வெற்றியை எதிர்ப்பது என்றால் அதே 1951 சட்டத்தின் தேர்தல் மனுப் பகுதி, பிரிவு 80-லிருந்து. உறுப்பினராக உட்கார்ந்த பிறகு பதவி பறிபோவது பற்றிய கேள்வி வேறு. தண்டனை பெற்றவர் என்றால் பிரிவு 8, கட்சி தாவினார் என்றால் பத்தாவது அட்டவணை, ஆதாயம் தரும் பதவி என்றால் உறுப்பு 102 அல்லது 191. தொகுதி மறுவரையறை இதற்கெல்லாம் வெளியே தனியாக நிற்கிறது: உறுப்பு 82, 170, அப்புறம் 42, 84-ஆவது திருத்தங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல் என்றால் மேலே சொன்ன வழி எதுவும் அப்படியே பொருந்தாது. அதை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை. உறுப்பு 243கே, 243இசட்ஏ, 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் என்று தனிப் பாதை. வார்டு உறுப்பினர் தேர்தல் கேள்விக்கு 1951 சட்டத்தை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

படி 2: சட்டத்தின் மூலத்தை எடுங்கள், தேதி பார்த்து எடுங்கள்

தீர்ப்புகளுக்கு ஓடும் முன் சட்டத்தின் வாசகத்தைப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கம் வேண்டாம், செய்தித்தாளில் வரும் விளக்கமும் வேண்டாம். அரசியலமைப்பின் 15-ஆவது பகுதி, அதாவது உறுப்பு 324 முதல் 329 வரை, மிகச் சிறியது. ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். 324 ஆணையத்தின் அதிகாரம், 325 மதம், இனம், சாதி, பாலின அடிப்படையில் யாரையும் பட்டியலிலிருந்து ஒதுக்கக் கூடாது என்பது, 326 வயது வந்தோர் வாக்குரிமை. 21 வயது என்றிருந்ததை 18 ஆக்கியது 61-ஆவது திருத்தம், 1989-ல் நடைமுறைக்கு வந்தது.

மத்தியச் சட்டங்களுக்கு அரசின் 'இந்தியா கோட்' இணையதளம் இலவசம். கடையில் கிடைக்கும் 'பேர் ஆக்ட்' (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள) புத்தகமும் போதும், ஆனால் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1950 சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தகுதித் தேதி, அதாவது 18 வயது நிறைந்திருக்க வேண்டிய தேதி, ஆண்டுக்கு ஒன்று இல்லை, நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பழைய புத்தகத்தில் ஜனவரி 1 மட்டும்தான் இருக்கும். 18 வயதான பிள்ளைக்குப் பெயர் சேர்க்க முடியாது என்று சொல்லி அனுப்புகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய புத்தகம்தான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னாலும் நாடாளுமன்றம் அதை நீக்கும் வரை புத்தகத்தில் அது அச்சாகிக்கொண்டே இருக்கும். 1951 சட்டத்தின் பிரிவு 8(4), தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. லில்லி தாமஸ் வழக்கில் 2013-ல் அது செல்லாது என்றானது. வேட்பாளர் விவரங்களை மறைக்க வழி செய்த 33பி பிரிவு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) போட்ட வழக்கில் 2003-லேயே விழுந்தது. இரண்டும் இன்றும் பக்கத்தில் இருக்கும், அடிக்குறிப்பு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதனால் ஒரு பிரிவைப் படித்ததும் அடுத்த வேலை, அந்தப் பிரிவு எண்ணையும் 'செல்லாது' என்று சொல்லும் தீர்ப்பையும் சேர்த்துத் தேடுவது.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தேர்தல் சட்டத்தில் கிடைக்கும் உதாரணங்கள் வேறெங்கும் கிடைக்காது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மை காய்வதற்குள் அவசரச் சட்டம் வந்தது, பிரிவு 77-ல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டு அந்தத் தீர்ப்பு அர்த்தமில்லாமல் போனது. அந்த விளக்கத்தையும் 2003-ல் மாற்றி எழுதினார்கள். அடுத்தது ரேபரேலி வழக்கு. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் 1971 தேர்தலைச் செல்லாது என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியது, நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்று அவர் வெற்றியை உறுதி செய்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு எட்டாமல் வைக்க நுழைத்த உறுப்பு 329ஏ-வின் அந்தப் பகுதியை மட்டும் அதே தீர்ப்பில் தூக்கி எறிந்தது. ஆக, 1974 தீர்ப்பை 2020-களின் சட்டத்தோடு ஒட்டிப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார்.

படி 3: விதிகள், படிவங்கள், ஆணைய உத்தரவுகள்

ஆராய்ச்சி செய்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. சட்டம் பெரிய வாக்கியம் பேசும், சண்டையின் முடிவோ படிவத்தில் இருக்கும்.

2016-ல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. அதை எதிர்த்த தேர்தல் மனுவில் மையமாக நின்றது, தபால் ஓட்டோடு வந்த உறுதிமொழிப் படிவம் 13ஏ-வில் சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியான அலுவலர்களா என்ற கேள்வி. 2019-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று பிரிவு 86(7) சொல்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆகவே 1961 விதிகளை எடுத்தால் பின்னால் இருக்கும் படிவங்களையும் எடுங்கள். 17ஏ என்பது வாக்குச்சாவடியில் கையெழுத்துப் போடும் பதிவேடு, 17சி என்பது பதிவான ஓட்டுகளின் கணக்கு. எந்த ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பது விதி 93-ல் இருக்கிறது. 2024 டிசம்பரில் அதைத் திருத்தினார்கள், எனவே பழைய பிரதியை நம்பி சிசிடிவி பதிவு கேட்டு மனு எழுதிவிடாதீர்கள்.

சின்னம் பற்றிய கேள்வி என்றால் சட்டத்திலும் விதியிலும் தலைகீழாக நின்றாலும் விடை முழுசாகக் கிடைக்காது. அது 1968-ஆம் ஆண்டு தேர்தல் சின்னங்கள் உத்தரவில் இருக்கிறது, குறிப்பாகப் பத்தி 15. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அணிகள் பிரிந்து, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றது நினைவிருக்கும். 2017 மார்ச்சில் இரட்டை இலை மறுபடி முடங்கி நவம்பரில் திரும்பக் கிடைத்ததும் அதே பத்தியின் கீழ்தான். இந்தப் பத்தி செல்லுமா, கட்சி யாருடையது என்பதை எப்படி அளப்பது என்பதற்கு அடிப்படைத் தீர்ப்பு காங்கிரஸ் பிளவின்போது வந்த சாதிக் அலி வழக்கு.

மாதிரி நடத்தை விதிகளுக்குச் சட்ட அந்தஸ்து தனியாகக் கிடையாது, ஆணையத்தின் பலம் பெரும்பாலும் உறுப்பு 324-லிருந்து வருகிறது. அந்தப் பலம் எவ்வளவு தூரம் நீளும் என்று பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டை விட நல்ல பாடப்புத்தகம் இல்லை: 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். பணப் பட்டுவாடா காரணமாக நிறுத்தப்பட்டவை எல்லாம். ஆணையத்தின் உத்தரவுகளைத் தேடி எடுத்துப் படியுங்கள். எந்த அதிகாரத்தைக் காட்டி எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கோடு போட்டு வையுங்கள். அந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்பதற்கு மொகிந்தர் சிங் கில் வழக்கு, 1977 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது. சட்டம் பேசும் இடத்தில் ஆணையம் அதை மீற முடியாது, சட்டம் பேசாத இடத்தில் 324 பேசும் என்பது அதன் அடிப்படை.

ஆணையத்தின் இணையதளத்தில் தேர்தல் நடத்தும் அலுவலருக்கான கையேடு, வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கான கையேடு, வாக்காளர் பட்டியல் கையேடு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கையேடு சட்டம் ஆகாது. ஆனால் அதிகாரி எதைப் பார்த்து நடக்கிறார் என்பது அதில்தான் தெரியும், எந்தச் சுற்றறிக்கை எந்தத் தேதியில் வந்தது என்ற துப்பும் கிடைக்கும். 1951 முதலான தேர்தல்களின் புள்ளிவிவர அறிக்கைகளும் அங்கேயே உண்டு.

படி 4: இப்போதுதான் தீர்ப்புகள்

இலவசமாகத் தேட மூன்று இடங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' அதிகாரபூர்வமான தீர்ப்புத் தொகுப்பு, மேற்கோள் காட்ட அதுதான் பாதுகாப்பு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 'இ-கோர்ட்ஸ்' தீர்ப்புத் தேடல் தளம். வேகத்துக்கு 'இந்தியன் கானூன்'. காசு கட்டிப் பார்ப்பவை எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா. இவற்றைத் தனியாக வாங்க வேண்டாம், சட்டப் பல்கலைக்கழக நூலகங்களில் பெரும்பாலும் இருக்கும்.

தேடும் சொல்லில் கவனம். 'திருமங்கலம் ஃபார்முலா' என்று தேடினால் செய்தியும் அரட்டையும்தான் வரும். சட்டத்தின் மொழியில் அது 1951 சட்டத்தின் பிரிவு 123(1)-ன் கீழ் 'ஊழல் நடவடிக்கை', அதிலும் 'லஞ்சம்' என்ற வகை. குற்ற வழக்காகப் பார்த்தால் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 171பி, அதற்குப் பின் பாரதிய நியாய சன்ஹிதா 170. சம்பவத்தின் பெயரை விட்டுப் பிரிவு எண்ணைப் பிடித்தால் குப்பை பாதி குறையும். தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்தப் பிரிவில் வரும் ஆங்கிலச் சொற்றொடரை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது இன்னும் நல்லது. தமிழில் மொழிபெயர்த்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் வருகின்றன. புரிந்துகொள்ள உதவும், ஆனால் மேற்கோள் காட்ட மூலத்துக்கே போக வேண்டும்.

மேற்கோள் எண் படிக்கத் தெரியாமல் நூலகத்தில் விழிப்பவர்கள் நிறையப் பேர். பொன்னுசாமி வழக்கு 'ஏஐஆர் 1952 எஸ்சி 64', அதாவது ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் 1952 தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, பக்கம் 64. அதே தீர்ப்பு '1952 எஸ்சிஆர் 218' என்றும் வரும். இரண்டும் ஒன்றுதான், இரண்டு வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். '2024 ஐஎன்எஸ்சி 113' என்பது புது முறை, எந்தப் பதிப்பகத்தையும் சாராத எண். அது தேர்தல் பத்திரங்களைச் செல்லாது என்ற 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு.

1966 வரை தேர்தல் மனுக்களை விசாரித்தவை தேர்தல் தீர்ப்பாயங்கள், அதற்குப் பின்தான் உயர் நீதிமன்றம். ஆகவே 1950-களின் வழக்குகளை ஏஐஆரில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. 'எலெக்ஷன் லா ரிப்போர்ட்ஸ்' என்ற தொகுதிகளைக் கேளுங்கள், சுருக்கமாக இஎல்ஆர். சில நூலகங்களில் இது சட்டப் பகுதியில் இருக்காது, அரசு வெளியீடுகள் என்று தனியாக அடுக்கியிருப்பார்கள். நூலகரிடம் கேட்டால் ஐந்து நிமிடம், கேட்காவிட்டால் அரை நாள்.

இனி மிக முக்கியமானது: ஒரு தீர்ப்பைப் பிடித்ததும் அதற்குப் பின் என்ன ஆனது என்று பாருங்கள். "ஓட்டுரிமை அடிப்படை உரிமையா" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 1952 பொன்னுசாமியில் அது சட்டம் கொடுத்த உரிமை. 1982 ஜோதிபாசு வழக்கில் இன்னும் கறாராக, அடிப்படை உரிமையும் இல்லை, பொதுச்சட்ட உரிமையும் இல்லை, வெறும் சட்டபூர்வ உரிமை. 2002-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்கில் வேட்பாளரைப் பற்றி அறியும் உரிமை கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்றானது. 2003 பியூசிஎல் தீர்ப்பில் நீதிபதி வெங்கடராம ரெட்டி, அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும் அது அரசியலமைப்பு சார்ந்த உரிமை என்று எழுதினார். 2006 குல்தீப் நய்யாரில் மறுபடி சட்ட உரிமை. 2013-ல் நோட்டா வந்த பியூசிஎல் வழக்கில் ஓட்டுப் போடும் உரிமை வேறு, போடும்போது தன் விருப்பத்தை வெளிப்படுத்தும் சுதந்திரம் வேறு என்று பிரித்தார்கள். 2023 அனூப் பரன்வால் வழக்கில் நீதிபதி அஜய் ரஸ்தோகி தனியாக எழுதிய தீர்ப்பில் அதை அடிப்படை உரிமை என்றார். ஐந்து பேர் கொண்ட அமர்வில் அது ஒருவரின் குரல், அமர்வின் முடிவாக அதைக் காட்ட முடியாது. இந்த வரிசையில் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவி மேடையில் பேசலாம், கட்டுரையில் எழுத முடியாது.

இன்னொன்று நம்ம ஊர் வழக்கு. 2006 தேர்தல் கலர் டிவி வாக்குறுதியிலிருந்து கிளம்பிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசம் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இதை எடுக்கிறார்கள். ஆனால் 2022 ஆகஸ்டில் இந்தக் கேள்வி மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தியன் கானூனில் ஒரு தீர்ப்பை எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டுகின்றன என்ற இணைப்பு இருக்கும், அதில் புதியவற்றை முதலில் படியுங்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் சுருக்கமாக வரும் தலைப்புக் குறிப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். அதை எழுதுவது பதிப்பாசிரியர், நீதிபதி இல்லை.

படி 5: எந்த நூலகம்?

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல்கள் வந்து சேரும் களஞ்சியங்களில் ஒன்று. நம் விஷயத்தில் இதன் அருமை பழைய பதிப்புகளில் இருக்கிறது. 1967 தேர்தல் வழக்கைப் புரிந்துகொள்ள 1967-ல் இருந்த சட்ட வாசகம் வேண்டும். வக்கீல் அலுவலகங்களும் கல்லூரிகளும் புதுப் பதிப்பு வந்ததும் பழையதை எடைக்குப் போட்டுவிடும். பழைய விரிவுரை நூல்களுக்கு இங்கேதான் முதலில் போக வேண்டும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டும் உட்கார்ந்து படிக்க வசதி, புதிய நூல்களுக்கு நல்லது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி எண்முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தேர்தல் சட்டம் 342.07-ஐ ஒட்டி இருக்கும், தேர்தல் அரசியலும் வாக்குரிமை வரலாறும் 324-ல். இரண்டு அலமாரியும் தூரமாக இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

விரிவுரை நூல் ஒன்றே ஒன்று எடுக்க வேண்டும் என்றால் வி.எஸ். ரமாதேவியும் எஸ்.கே. மெந்திரத்தாவும் எழுதிய 'ஹவ் இந்தியா வோட்ஸ்'. ஒருவர் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர், மற்றவர் ஆணையத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர். அதனால் ஆணையத்தின் பார்வை தூக்கலாக இருக்கும், அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்து நூலகங்கள் வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்குமானவை. தெரிந்த வக்கீல் இருந்தால் மேற்கோள் எண்களைப் பட்டியலாக எழுதிக் கொடுங்கள், "ஏதாவது தேர்தல் வழக்கு இருந்தா பாருங்க அண்ணா" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போவது வேலையைச் சுலபமாக்கும்.

சீர்திருத்தம் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் நூலகத்துக்குப் போகும் முன்பே இணையத்தில் மூன்றை எடுத்துவிடுங்கள்: 1990 தினேஷ் கோஸ்வாமி குழு அறிக்கை, சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கை (1999), 255-ஆவது அறிக்கை (2015). பாதி ஆராய்ச்சியை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

படி 6: வரலாறு வேண்டுமானால்

அரசியலமைப்பு நிர்ணய சபை விவாதங்களில் 1949 ஜூன் 15, 16 தேதிகளைத் திறங்கள். இன்றைய 324 அப்போது வரைவில் 289. அந்த எண் தெரியாமல் 324 என்று தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள்தான் வரும். 1950, 1951 சட்டங்களின் மசோதா விவாதங்கள் நாடாளுமன்ற எண்ணிம நூலகத்தில் இலவசம்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எழுதிய முதல் பொதுத்தேர்தல் அறிக்கை கட்டாயம் படிக்க வேண்டியது. பெயர் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். பட்டியல் நீக்கம் பற்றி இன்று எழுதுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

சுதந்திரத்துக்கு முந்தைய மதராஸ் மாகாணம் என்றால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட், சட்டமேலவை நடவடிக்கைகள் எல்லாம் அங்கே. 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை தர மதராஸ் சட்டமேலவை தீர்மானம் போட்டது. சொத்தும் வரியும் வைத்து ஓட்டை அளந்த காலம் அது என்பதால், "பெண்களுக்கு ஓட்டு வந்தது" என்பதற்கும் எத்தனை பெண்களுக்கு வந்தது என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம். தேதியும் துறையும் குறித்துக்கொண்டு போனால்தான் கோப்பு கிடைக்கும்.

ஒரு கேள்வியை எடுத்து ஓட்டிப் பார்ப்போம்

2025 ஜூனில் பீகாரில் ஆரம்பித்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் அதே ஆண்டின் கடைசியில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கேள்வி இப்படி: "என் அம்மாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், சட்டப்படி என்ன வழி?"

கட்டம்: வாக்காளர் பட்டியல். எனவே 1950 சட்டம். பிரிவு 21 திருத்தம் பற்றியது, 21(3) சிறப்புத் திருத்தம். தீவிரமாகவா சுருக்கமாகவா என்பது 1960 விதிகளில் விதி 25. நீக்கும் முன் சம்பந்தப்பட்டவரின் பேச்சைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது பிரிவு 22, இறுதிப் பட்டியலுக்கு முந்தைய நீக்கம் என்றால் விதி 21ஏ. பெயர் இப்போது வரைவில் இல்லையா, இறுதியில் இல்லையா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், வழி அங்கேயே பிரிகிறது.

தீர்ப்பு: 1995-ல் வந்த லால் பாபு உசேன் வழக்கு. பட்டியலில் ஏற்கெனவே இருந்த பெயரை நீக்கப் போகும்போது, முன்பு உரிய முறைப்படிதான் சேர்த்திருப்பார்கள் என்ற ஊகத்துக்கு அதிகாரி மதிப்புக் கொடுக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது அதன் நிலை. அதோடு நிற்காமல், சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் உத்தரவுகளைத் தேதிவாரியாகப் படியுங்கள். இடைக்கால உத்தரவையும் இறுதித் தீர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது: வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்துப் பிரிவு 24-ன் கீழ் முதல் மேல்முறையீடு மாவட்ட ஆட்சித்தலைவரிடம், இரண்டாவது மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எழுதும் முறையும் கெடுவும் விதி 27-ல். சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, பிரிவு 30 தடுக்கிறது. மேல்முறையீட்டோடு படிவம் 6-ல் புதிதாக விண்ணப்பிப்பதையும் யோசியுங்கள், சண்டையில் ஜெயிப்பதை விட ஓட்டுப் போடுவது முக்கியம் என்றால் பல நேரம் அதுதான் வேகமான வழி. பிரிவு 23(3)-ஐ மட்டும் மறக்க வேண்டாம்: வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தல் முடியும் வரை பட்டியலில் கை வைக்க முடியாது. அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் 1951 சட்டத்தின் பிரிவு 62 ஓட்டுப் போட விடாது.

இதே ஓட்டத்தைத் தேர்தல் மனுவுக்கும் செய்து பார்க்கலாம், ஆனால் அங்கே கடிகாரம் வேறு மாதிரி ஓடும். 1951 சட்டத்தின் பிரிவு 81 கொடுப்பது 45 நாள், முடிவு அறிவித்த தேதியிலிருந்து. தாமதத்தை மன்னிக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. வேட்பாளர் மட்டும் இல்லாமல் அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம். பிரிவு 83 கேட்கும் முக்கிய உண்மைகள் இல்லாமல் "முறைகேடு நடந்தது" என்று பொதுவாக எழுதிய மனுக்கள் சாட்சி விசாரணைக்கே வராமல் விழுந்திருக்கின்றன. எனவே தேர்தல் மனு பற்றி ஆராய்ச்சி செய்பவர் தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கப் பிரிவு 100 சொல்லும் காரணங்களுக்குப் போகும் முன் 81, 82, 83, 86, 117 இந்த ஐந்தையும் அதன் தீர்ப்புகளோடு முடித்துவிட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தோற்கும் இடம் அதுதான்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: பிரிவு எண், அது எந்தத் தேதியில் இருந்த வாசகம், தீர்ப்பு என்றால் பத்தி எண், எந்தத் தளத்தில் அல்லது எந்த நூலகத்தில் எடுத்தது. ஆணையத்தின் உத்தரவு என்றால் கோப்பு எண்ணும் தேதியும் கட்டாயம், பிரதியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தளத்தை மாற்றி அமைக்கும்போது பழைய இணைப்புகள் செத்துப்போவது சாதாரணம். பிரதி கிடைக்கவே இல்லை என்றால் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணையத்திடமே கேட்கலாம், பத்து ரூபாய்தான் கட்டணம்.